கல்லறை இல்லாதவரின் கேள்வி

கேள்வி: மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது தங்குகடல் தொழிலுக்குப் போயிருந்த என் கணவர் கரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. செபமாலை சொல்லாமல் நான் படுத்த இரவே இல்லை. ஆனாலும் கடவுளிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. என் விசுவாசம் போதாது என்கிறார்கள் உறவினர் சிலர். கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, எங்கே போவதென்று தெரியாமல் வீட்டிலேயே இருக்கிறேன். கடவுளை இன்னும் எப்படி நம்புவது?

- வாசகி, தூத்தூர் கடற்கரைப் பகுதி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் விசுவாசத்தை அளந்து பார்த்தவர்களுக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். விவிலியத்தின் யோபு நூலில், எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய்திறந்து, உன் பாவமே இதற்குக் காரணம் என்று வாதாடத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடவுள் யோபையும் கேள்விகளால் திணறடிக்கிறார் என்றாலும், கடைசி அதிகாரத்தில் அவருடைய சினம் பாய்வது, கடவுளுக்காகப் பரிந்து பேசுவதாக எண்ணிக்கொண்ட அந்த நண்பர்கள்மீதுதான்.

நம் குமரி மாவட்டத்தில் இந்த நூலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கால்நடைகளையும் பொருளையும் இழந்து மனம் சோர்ந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் எடுத்துச் சொன்னது யோபின் கதையைத்தான் என்று பிள்ளையின் வரலாறு கூறுகிறது. 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவருக்கு, அந்த விசுவாசம் இழந்த வாழ்வைத் திருப்பித் தரவில்லை. 1749இல் கைதாகி, சித்திரவதைகளைத் தாங்கி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். துன்பம் விசுவாசக் குறைவின் அடையாளம் என்றால், 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை நாம் எப்படி வணங்குவது? உங்கள் உறவினரிடம் இதைக் கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யோபு நூலின் 42 அதிகாரங்களில் 38ஆம் அதிகாரத்தில்தான் ஆண்டவர் யோபிடம் பேசுகிறார். அப்போதும் துன்பத்தின் காரணத்தைச் சொல்லவில்லை. கடலைக் கதவிட்டு அடைத்தவர் யார் என்று கேட்கிறார். கடல் உங்களிடமிருந்து பறித்ததை நினைக்கையில், உங்கள் ஊர்க் கோவிலில் நின்று அந்த வசனத்தை வாசிக்க எனக்கே நா எழாது. ஆகவே காரணம் சொல்ல நான் துணியமாட்டேன். இயேசு திருமுழுக்குப் பெற்றபோது யோர்தான் கரையில் கேட்ட தந்தையின் குரல், அவர் சிலுவையில் தொங்கிய கல்வாரியில் கேட்கவில்லை என்பதையும், ‘ஏன் என்னைக் கைவிட்டீர்?’ என்று மகனே கதறினார் என்பதையும் மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார். கேட்கும்போதும் ‘என் இறைவா’ என்றே அழைத்தார். உங்களிடம் எஞ்சியிருக்கும் நம்பிக்கையும் அதுதான் என நினைக்கிறேன். அதற்குமேல் ஒன்றை உங்களிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

செபமாலை சொல்ல மனம் வராத இரவுகளில் திருப்பாடல் 88ஐச் சொல்லுங்கள். முறையிட்டுத் தொடங்கும் பாடல்களில் பல புகழ்ச்சியில் முடிய, இது மட்டும் இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை மறைக்காமல் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது.

நவம்பர் 2ஆம் நாள் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். கல்லறைகளை மந்திரித்து முடித்தபின் கடற்கரைக்கும் வந்து செபிக்குமாறு உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் கரையில் அன்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் மற்றப் பெண்களையும் மெழுகுவர்த்தியோடு அழைத்துச் செல்லுங்கள்.