லெப்டொப் மலிஞ்சா டேட்டா சென்டர் படுத்திடுமோ? மகனை நினைச்சு யோசிக்கிற அக்காவுக்கு

அக்கா, நீங்கள் அனுப்பின மெசேஜை வாசிச்சன். மகன் ஏ/எல் டெக்னோலொஜி செய்து முடிச்சிட்டு டேட்டா சென்டர் (ஆயிரக்கணக்கில சேர்வர், அதாவது மற்றக் கொம்பியூட்டருக்கு வேலை செய்து குடுக்கிற பெரிய கொம்பியூட்டர், அடுக்கி வச்சிருக்கிற கட்டடம்) வேலைக்குத்தான் போவன் எண்டு நிக்கிறார், கனடாவில இருக்கிற உங்கட தம்பி கோல் எடுத்து, இப்ப எல்லாம் கிளவுட் தானே (ஃபைலும் வேலையும் இன்டர்நெட் வழியா வேற ஆக்களின்ர சேர்வரில), லெப்டொப்பும் மலிஞ்சு போச்சு, இனி ஆர் சேர்வர் வச்சிருக்கப்போறான் எண்டு கேட்டு உங்களைக் குழப்பி விட்டிட்டார். தம்பி சொன்னது அரைவாசி சரி, அவர் விட்ட மற்ற அரைவாசிதான் மகனுக்குத் தேவை.

2007ல அசூஸ் கொம்பனி ஈ பீசி எண்டு ஒரு மலிவான குட்டி லெப்டொப் விட்டது, 7 இஞ்சி ஸ்கிரீன், 4 ஜீபி ஸ்டோரேஜ், இப்பத்தைய ஃபோனில வட்ஸ்அப் வீடியோவுக்கே அது காணாது. 2011ல கூகிளின்ர குரோம்புக் லெப்டொப் வந்தது, அதில பிரவுசரை விடப் பெருசா ஒண்டும் இல்லை. குரோம்புக் மாதிரியானதுகளை ஏன் மலிவா விக்க ஏலுது எண்டா பாரமான வேலையைக் கையில இருக்கிற மெசின் செய்யிறேல்ல, எங்கேயோ ஒரு கட்டடத்தில இருக்கிற சேர்வர் செய்யுது. எல்லாரும் வீட்டில சமைக்கிறதை விட்டிட்டு சோத்துப் பார்சல் எடுத்தா கடைக்காரன்ர குசினி பெருசாகும் தானே, அதுதான் இது. 2024ல உலகத்து டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 415 டெராவாட் மணி கரண்ட் எடுத்தது எண்டு சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம் சொல்லுது, இலங்கை முழுக்க ஒரு வருசம் எரிக்கிறதை விட 20 மடங்குக்கு மேல.

அப்ப படுக்கிறது எது? ஒபீஸ் சேர்வர் ரூம்தான். கொள்ளுப்பிட்டிப் பக்கம் பழைய ஒபீஸ்களில பாத்திருப்பீங்கள், மாடிப்படிக்குக் கீழ ஒரு கண்ணாடி ரூம், சேர்வர் அடுக்கிற ரெண்டு ரக், இரவு பகலா ஓடுற ஸ்பிளிட் ஏசி, அது ஒழுகுறதுக்கு ஒரு வாளி, மூலையில கரண்ட் போனாத் தாங்குற யூபிஎஸ்ஸின்ர வீங்கிப்போன பட்டறி. அதைப் பாக்கிறதுக்கெண்டே ஒரு பெடியன் இருப்பார், அந்த வேலை குறைஞ்சுகொண்டுதான் வருது, அதில ஒளிக்க ஒண்டும் இல்லை. அங்க இருந்த ஃபைல் எல்லாம் இப்ப கடலுக்கடியால கேபிளில சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ போகுது, அமேசன் தன்ர கிளவுட் டேட்டா சென்டரை சிங்கப்பூரில 2010லயும் மும்பையில 2016லயும் திறந்தது. ஆனா கட்டடம் அங்க இருந்தாலும் அதுக்குள்ள இருக்கிற சேர்வரைக் கொழும்பில இருந்தே இன்டர்நெட்டால பாத்துப் பராமரிக்கலாம், இங்க கன பேர் செய்யிறது அதுதான்.

கட்டடத்துக்குள்ளயே நிண்டு வேலை செய்ய ஆசையெண்டா ஹோமாகம பிட்டிபனையில இருக்கிற மாதிரி இங்கயும் டேட்டா சென்டர் இருக்கு. ஆனா உள்ளுக்கு ஆக்கள் குறைவு, அதிலயும் நல்ல பங்கு ஜெனரேட்டர், யூபிஎஸ், கூலிங் ஆக்கள். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்குத் தானே, அந்த நேரம் டீசலுக்கு ஓடினதும் இந்த ஆக்கள்தான். கொழும்புப் புழுக்கத்தில கூலிங் செலவு வேற. மகன் எஞ்சினியரிங் டெக்னோலொஜி தானே படிச்சவர், மின்சாரம் இல்லாட்டி ஏசி பக்கம் ஒரு என்விகியூ 4 (அரசாங்கத் தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கச் சொல்லுங்கோ. சனம் அதை ஏசி திருத்துற வேலை எண்டு நக்கலடிக்கும், விடுங்கோ, சம்பளம் வரேக்க வாய் மூடும்.

கொம்பியூட்டர் பக்கம்தான் எண்டா லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனா இலவசம், சேர்வரில கூட ஓடுறது), நெட்வேர்க், பெக்கப் (ஃபைலை இன்னொரு பிரதி எடுத்து வைக்கிறது) படிக்கச் சொல்லுங்கோ. நான் கடைசியாச் சொன்னதைத்தான் பெடியள் கவனிக்கிறேல்ல. 2023 ஓகஸ்டில எங்கட அரசாங்கத்தின்ர லங்கா கவர்மென்ட் கிளவுட்டை ரான்சம்வெயார் (ஃபைலைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ்) அடிச்சது, மே 17ல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான ஈமெயில் அப்பிடியே போச்சு, ஏனெண்டா அந்தக் காலத்துக்குத் தனியா வச்ச பெக்கப் இல்லை. கிளவுட்டில இருக்கெண்டா பத்திரம் எண்டு நினைக்கிறவைக்கு இதைக் காட்டலாம். பெக்கப் எடுத்து, அது திரும்ப எழும்புதோ எண்டும் பாக்கத் தெரிஞ்ச பெடியனுக்கு இன்ரவியூவில நல்ல மதிப்பு.

விலை கூடின கேமிங் லெப்டொப் வாங்கித் தரச் சொல்லிக் கேக்கிறார் எண்டீங்கள், வேண்டாம் அக்கா. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில 8 ஜீபி ராம், எஸ்எஸ்டி இருக்கிற செக்கண்ட் ஹாண்ட் ஒண்டு பாத்து எடுங்கோ, லினக்ஸ் அதில வடிவா ஓடும். மிச்சக் காசை சிஸ்கோ கொம்பனியின்ர சிசிஎன்ஏ நெட்வேர்க் சோதனைக்கு வையுங்கோ, அது 300 டொலர். அமேசன் கிளவுட்டில பழகுறதுக்கு உங்கட கிரெடிட் கார்ட் கேப்பார், குடுக்கிறதெண்டா முதல் பட்ஜெட் அலர்ட் (செலவு கூடினா மெசேஜ் வாறது) போடச் சொல்லிட்டுக் குடுங்கோ, சேர்வரை நிப்பாட்ட மறந்திட்டு டொலரில பில் வந்து பயந்துபோய் வாற பிள்ளையள் என்னட்டக் கனபேர்.

டிகிரி வேணும் எண்டு அப்பா நிக்கிறார் எண்டா கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர பிஐடி (இன்ஃபோர்மேஷன் டெக்னோலொஜி டிகிரி) வெளிவாரியாச் செய்யலாம், வேலை பாத்துக்கொண்டே படிக்கலாம். சோதனை இங்கிலிஷில, தமிழ் மீடியத்தில படிச்ச பிள்ளை எண்டபடியா அதுக்கு இப்பவே ஒரு வகுப்புப் பாருங்கோ.

மற்றது, அவரிட்ட நைட் ஷிப்ட் செய்வாரோ எண்டு கேட்டுப் பாருங்கோ. இந்த வேலையில அது கட்டாயம் வரும். ஓம் எண்டாரெண்டா சனிக்கிழமை ஏ/எல் பெறுபேற்றுத் தாளோட ரெண்டு பேரும் வாங்கோ.