மருந்து அடிக்காமல், தக்காளிச் செடியே இலைக்கருகலை எதிர்க்கும்படி செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கருகல் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஒரு போகம் தக்காளியை இழந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

அடி இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்த பிறகு ஓடிப்போய் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடியை வாங்கித் தெளித்தேன். இலை உதிர்வது நிற்கவே இல்லை. காய் வெயிலில் வெந்து போனது. பொடி மேல் கோபம் வந்தது. அப்புறம் தேடிப் படித்தேன்.

ஓர் இலையைப் பூஞ்சை தாக்கினால் அங்கே செடியின் எதிர்ப்பைத் தூண்டும் சாலிசிலிக் அமிலம் கூடும். சேதி மற்ற இலைகளுக்கும் போகும். பூஞ்சையின் செல்சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ் போன்ற நொதிகளோடு அவை தயாராக நிற்கும். 1970-களில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோசப் குச் என்பவர் வெள்ளரியை வைத்து இதைக் காட்டினார். முதல் இலையில் மட்டும் ஆந்த்ராக்னோஸ் என்ற இலைப்புள்ளி நோயைத் தரும் பூஞ்சையை விட்டார். பிறகு மேல் இலைகளில் அதே பூஞ்சையை விட்டபோது, புள்ளிகள் குறைவாகவும் சிறியதாகவும் வந்தன. அந்தக் காப்பு சில வாரங்கள் நின்றது. ஆனால் பூக்கத் தொடங்கிய செடியில் இந்த முறை பலிக்கவில்லை. நான் எங்கே பிந்தினேன் என்பது இதைப் படித்ததும் விளங்கியது.

சூடோமோனாஸ் வேரில் குடியேறும் பாக்டீரியா. அது செடியை உசுப்புவது பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற வேறு இரண்டு செடி ஹார்மோன்கள் வழியாக. வேரில் அது நன்றாகப் பரவினால்தான் இலைக்குப் பலன் கிடைக்கும்.

அதனால் இப்போது விதையிலேயே தொடங்குகிறேன்: கிலோ விதைக்கு 10 கிராம் பொடி என்ற கணக்கு. நடும்போது நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து எடுப்பேன். ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் உள்ள மண்ணில் போடுவேன். தாமிர மருந்தை இதோடு கலக்கவே கூடாது, பாக்டீரியா செத்துவிடலாம். பொட்டலத்தில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

செடியின் எதிர்ப்பை உசுப்பும் அசிபென்சோலார் போன்ற ரசாயனத் தூண்டிகளும் உண்டு. அளவு மீறினால் செடி வளர்ச்சி குன்றும், ஜாக்கிரதை.

எப்படிச் செய்தாலும் நோய் முழுக்க நிற்காது, குறையும், தள்ளிப்போகும். உங்கள் வயலில் ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? சரி, அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பூஞ்சைக்கொல்லி அடியுங்கள். அடுத்த நாற்றங்காலுக்கு விதை ஊன்றும்போது மேலே சொன்னபடி தொடங்குங்கள்.