ஆயுதம் வாங்க அமெரிக்கா தரும் பணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எகிப்துக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர், இஸ்ரேலுக்கு 330 கோடி டாலர் அமெரிக்க ராணுவ நிதியுதவி என்று படிக்கிறோம். பணம் அந்த நாட்டு கஜானாவுக்கா போகிறது?

பதில்: பெரும்பாலும் இல்லை. எஃப்.எம்.எஃப். (வெளிநாட்டு ராணுவ நிதியுதவி) எனப்படும் இந்த நிதிக்கு 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அடிப்படை. அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்கும் தொகை அந்த நாட்டின் பெயரில் கணக்கில் நிற்கும். பொருள் வாங்கும்போது பணம் விற்பவருக்கே பட்டுவாடா ஆகும். இஸ்ரேலுக்கு மட்டும், ஒரு பகுதியைத் தன் நாட்டு ஆலைகளிலேயே செலவிடும் சலுகை இருந்தது. 2016-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி அது 2028-க்குள் படிப்படியாக ஒழிகிறது.

கேள்வி: பென்டகன் வழியாக வாங்காமல், அமெரிக்கத் தனியார் நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் போட்டு இந்தப் பணத்தைக் கேட்கலாமா?

பதில்: எல்லா நாடுகளாலும் முடியாது. இஸ்ரேல், எகிப்து, ஜோர்டான், மொராக்கோ, துனிசியா, துருக்கி, கிரேக்கம், போர்ச்சுகல், பாகிஸ்தான், ஏமன் ஆகிய 10 நாடுகளுக்கே நெடுங்காலமாக இந்த வழி திறந்திருக்கிறது. ஒப்பந்த மதிப்பு குறைந்தது 1 லட்சம் டாலர் இருக்க வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்துடன், வாங்கும் நாடு நிதி கேட்டு எழுதும் கடிதமும், விதிகளுக்குக் கட்டுப்படுவதாக நிறுவனம் தரும் உறுதிச் சான்றும் பென்டகனின் பாதுகாப்பு ஒத்துழைப்பு முகமைக்குப் போக வேண்டும். விலை நியாயமா என்று தணிக்கையாளர்களைக் கொண்டு அது பார்க்கலாம். ஒப்புதல் கிடைத்த பிறகு, வாங்கும் நாடு பில்லைச் சரிபார்த்து அனுப்ப, அமெரிக்க அரசு நிறுவனத்துக்குப் பணம் தரும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் அமெரிக்க அரசுக்கு எந்தக் கடமையும் வந்துவிடாது. நிதி ஒப்புதல் வந்தாலும் ஏற்றுமதி உரிமம் தனி. அதைத் தருவது வெளியுறவுத் துறை. உரிமம் கிடைக்காமல் பொருள் துறைமுகத்தைத் தாண்டாது.

கேள்வி: விண்ணப்பங்கள் எதில் சிக்குகின்றன?

பதில்: முதலில் வெளிநாட்டு உதிரிபாகங்கள். இந்தப் பணம் அமெரிக்கத் தயாரிப்புக்கும் அமெரிக்கச் சேவைக்கும்தான். 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் 2 லட்சத்துக்கு வேறு நாட்டுப் பாகம் இருந்தால், அதை மதிப்போடு அறிவிக்க வேண்டும். விதிவிலக்கு கிடைக்காவிட்டால் அந்த 2 லட்சத்தை வாங்கும் நாடு தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். மறைத்துவிட்டுத் தணிக்கையில் மாட்டினால், விவகாரம் பொய்க் கோரிக்கைச் சட்டத்துக்குப் போகும். அதில் இழப்பைப் போல மூன்று மடங்கு வரை வசூலிக்கலாம்.

அடுத்தது தரகு. இடைத்தரகர் கமிஷனையும், வாங்கும் நாட்டு அதிகாரிகளின் பயணச் செலவையும் ஒப்பந்த விலைக்குள் நுழைக்கக் கூடாது. பிறகு கப்பல்: சரக்கை அமெரிக்கக் கொடி ஏந்திய கப்பலில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் முன்கூட்டியே விலக்கு வாங்கியிருக்க வேண்டும்.

உறுதிச் சான்று சும்மா சடங்குக்குக் கேட்கும் காகிதமல்ல. எஃப்-16 விமான என்ஜின் தொடர்பான ஒப்பந்தங்களில் நடக்காத வேலைக்குப் பில் போட்டு, இஸ்ரேல் விமானப்படை அதிகாரி ராமி டோத்தானுடன் சேர்ந்து இந்த நிதி திருப்பிவிடப்பட்ட வழக்கில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1992-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6.9 கோடி டாலர் கட்டியது. டோத்தானுக்கு அதற்கு முந்தைய ஆண்டே இஸ்ரேலில் 13 ஆண்டு சிறை.

கேள்வி: இது கடனா, மானியமா?

பதில்: சட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. இஸ்ரேலுக்கு 1985 முதல் முழுக்க மானியம். எகிப்தின் பழைய ராணுவக் கடனில் சுமார் 670 கோடி டாலர், 1990-91 வளைகுடா நெருக்கடியை ஒட்டித் தள்ளுபடி ஆனது.