எதிரொலிக் கணக்கு: எப்போது இரண்டால் வகுக்க வேண்டும்?

ஈசூன் மாணவி, உயர்நிலை 4: இரண்டு வீவக (அடுக்குமாடி வீடு) புளோக்குகளுக்கு நடுவே நின்று ஒருவர் ஒரு தடவை கை தட்டுகிறார். முதல் எதிரொலி 0.4 வினாடியில், அடுத்தது 0.6 வினாடியில். ஒலியின் வேகம் 340 மீ/வி. புளோக்குகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? எனக்கு 340 மீட்டர் வருகிறது, விடையில் 170 என்று இருக்கிறது.

பதில்: சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் படம் போடுங்கள், தங்கச்சி. 0.4 வினாடியில் ஒலி சுவர்வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டது. ஓடியது 136 மீட்டர், அப்படியென்றால் சுவர் இருப்பது 68 மீட்டரில். மறுபக்கம் இதே மாதிரி 102. கூட்டினால் 170. அப்புறம், மூன்றாவது எதிரொலி எப்போது என்றும் கேட்பார்கள். பக்கத்துச் சுவரில் பட்ட ஒலி உங்களைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரிலும் பட்டுத் திரும்பும், எதிர்ப்பக்கம் போனதும் அப்படியே. இரண்டுக்கும் பாதை 340 மீட்டர்தான், அதனால் சரியாக 1 வினாடியில் சேர்ந்தே கேட்கும்.

ஜூரோங் மாணவர்: சுவரிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொரு எதிரொலியும் அடுத்த தட்டலோடு பொருந்தும்படி 21 தடவை தட்டினோம். முதல் தட்டலிலிருந்து கடைசித் தட்டல்வரை 5.8 வினாடி. வேகம் 362 வருகிறது, எங்கே தப்பு?

பதில்: அளந்தது அருமை தம்பி, எண்ணியதில்தான் பிசகு. கையில் விரல் ஐந்து, இடுக்கு நான்கு. அதுபோல 21 தட்டலுக்கு நடுவே 20 இடைவெளிதான். ஒவ்வொன்றிலும் ஒலி 100 மீட்டர் போகிறது, ஆக 2000 மீட்டரை 5.8-ஆல் வகுத்தால் 345. அடுத்த தடவை முதல் தட்டலுக்குப் பூஜ்யம் என்று சொல்லி எண்ணத் தொடங்குங்கள். ஒரே ஒரு தட்டலை அளந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள், போதாது: எதிரொலி 0.3 வினாடிக்குள் வந்துவிடுகிறது, ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்தவே நம் விரலுக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிறது. 20 இடைவெளிக்குப் பிரித்துவிட்டால் அந்தத் தாமதம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அதே மாணவர்: புத்தகத்தில் 330 என்றிருக்கிறதே?

பதில்: அது 0 டிகிரியில் உள்ள 331-க்குப் பக்கத்து மதிப்பு. டிகிரிக்கு 0.6 கூடும், நம் ஊர் 30 டிகிரியில் 349 ஆகிவிடும். உங்கள் 345 நல்ல விடை. தேர்வில் மட்டும் கேள்வித்தாளில் கொடுத்த எண்ணையே போடுங்கள்.

தோ பாயோ அம்மா ஒருவர்: மின்னல் வெட்டி 9 வினாடி கழித்து இடி கேட்டது. இதையும் பாதியாக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் அக்கா, இடி ஒரு வழிப் பயணம்தான். 3 வினாடிக்கு 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3 கிலோமீட்டர் வரும். அவ்வளவு பக்கத்தில் மின்னல் என்றால் பிள்ளைகளைத் திடலிலிருந்து உடனே உள்ளே கூப்பிட்டுவிடுங்கள், அடுத்தது அங்கேயே விழலாம்.