கசினோவில் 21ஐத் தாண்டாமல் டீலரை (கசினோ சார்பில் சீட்டுப் போடுகிறவரை) விட அதிகம் எடுக்கப் பார்க்கும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். அதில் இத்தனை வகை இருக்கிறதே, எதில் ஆடினால் நமக்கு வாய்ப்பு அதிகம்?

ஆட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், மேசைத் துணியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வருவதற்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர்; அது விழுந்தால் 3க்கு 2 (2 கட்டியதற்கு 3) என்று இருந்தால் உட்காரலாம். 6க்கு 5 என்று இருந்தால், அது எந்த வகையாக இருந்தாலும் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்கு பார்க்கிறவன், அதனால் ரூபாயில் சொன்னால்தான் எனக்கே புரியும். ஆயிரம் ரூபாய் கட்டி முதல் இரண்டு சீட்டில் ஒரு ஆஸும் ஒரு பத்து மதிப்புச் சீட்டும் (10, ஜாக்கி, ராணி, ராஜா) வந்தால் 3க்கு 2 மேசையில் 1,500 கிடைக்கும், 6க்கு 5 மேசையில் 1,200. ஆறு கட்டு கலந்து ஆடும்போது பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை விழும். குறைகிற 300ஐ 21ஆல் வகுங்கள், ஆட்டத்துக்கு 14 ரூபாய் வரும். இது சின்னத் தொகை மாதிரி தெரியலாம், ஆனால் நல்ல விதிகள் உள்ள சாதா மேசையில், சரியாக ஆடுகிற ஆளிடமிருந்து கசினோவுக்குச் சராசரியாகப் போவதே ஆயிரத்துக்கு 4 ரூபாய்தான். ஆஸை 1 ஆகவோ 11 ஆகவோ வைக்கலாம்; 11 ஆக வைத்து 17 வந்தாலும் டீலர் இன்னொரு சீட்டு இழுப்பார் என்று விதி இருந்தால் அது 6 ஆகும். அதன்மேல் இந்த 14ஐக் கூட்டிப் பாருங்கள்.

சரி, மற்ற வகைகள். ஸ்பானிஷ் 21 எப்படி என்று தெரிய வேண்டுமானால், வீட்டில் இருக்கும் ரம்மிக் கட்டிலிருந்து நாலு பத்தையும் உருவிவிட்டு (ஜாக்கி, ராணி, ராஜா இருக்கட்டும்) கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள். பிளாக்ஜாக் விழுவது குறையும், 11 வைத்துக்கொண்டு பந்தயத்தை டபுள் பண்ணி ஒரே ஒரு சீட்டு வாங்கினால் கைக்கு மூணும் ஆறுமாக வரும், டீலர் 21ஐத் தாண்டி அவுட் ஆவதும் குறையும். அந்த நாலு சீட்டை எடுத்ததிலேயே ஆயிரத்துக்கு 20 ரூபாய் போல நமக்கு நஷ்டம். அதை ஈடுகட்டத்தான் நம்முடைய 21 எப்போதும் ஜெயிக்கும், ஐந்து சீட்டில் 21 வந்தால் கூடுதல் பணம், எத்தனை சீட்டு எடுத்த பிறகும் டபுள் பண்ணலாம் என்றெல்லாம் கொடுக்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் கசினோவுக்கு 4 முதல் 8 ரூபாய் வரை நிற்கும். மோசமான ஆட்டம் இல்லை. ஆனால் சாதா ஆட்டத்தின் பழக்கத்தில் ஆடினால் அந்தச் சலுகையெல்லாம் வீணாகிவிடும்.

டீலரின் இரண்டு சீட்டையும் திறந்தே வைக்கும் டபுள் எக்ஸ்போஷர் என்ற வகையைப் பற்றிச் சொன்னதும் ஆம்பூரில் இருக்கும் என் சிநேகிதன் "டேய், டீலர் சீட்டு ரெண்டுமே தெரியுதுன்னா அப்புறம் எப்படிடா தோப்போம்?" என்றான். டை ஆனால் தோப்போம், அப்படித்தான். சாதா ஆட்டத்தில் நூற்றுக்கு எட்டு ஒன்பது ஆட்டம் டை ஆகி, கட்டிய பணம் திரும்பி வரும். இங்கே அது டீலருக்குப் போய்விடும், பிளாக்ஜாக்குக்கும் கட்டியதற்குச் சமமான பணம்தான். கடைசியில் 7 ரூபாய் பக்கம் வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு வகை: ஸ்விட்சில் இரண்டு கை வாங்கி இரண்டாவது சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம், ஃப்ரீ பெட்டில் சில கைகளுக்கு டபுளும் ஸ்பிளிட்டும் (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டைப் பிரித்து இரண்டு கையாக ஆடுவது) இலவசம். இரண்டிலும் டீலருக்கு 22 வந்தால் அவுட் இல்லை, டை என்று வைத்திருக்கிறார்கள். முன்னதில் 6, பின்னதில் 10 ரூபாய் போல.

மேலே சொன்னதெல்லாம் ஒவ்வொரு கைக்கும் எது சரி என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்களே, அதை அப்படியே பின்பற்றுகிறவருக்கு. நம் பக்கம் ரம்மி நன்றாக ஆடுகிறவர்களுக்கு இங்கேயும் கை வரும் என்று ஒரு நினைப்பு உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரம்மியில் எதிராளி தப்புப் பண்ணுவான், நாம் பிழைப்போம். இங்கே டீலருக்கு யோசிக்கவே உரிமை கிடையாது, 17 வரும்வரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் நானும் டீலர் மாதிரியே 17 வரை இழுக்கிறேன் என்று உட்கார்ந்தால் ஆயிரத்துக்கு 55 ரூபாய் போகும். காரணம், நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21ஐத் தாண்டிவிட்டால் அந்த நொடியே பணத்தை எடுத்துக்கொள்வார்கள், பிறகு டீலரும் தாண்டினாலும் நமக்கு ஒன்றும் வராது.

அப்புறம் இன்ஷூரன்ஸ், அதாவது டீலருக்கு பிளாக்ஜாக் விழும் என்று தனியாகக் கட்டும் பந்தயம். டீலரின் திறந்த சீட்டு ஆஸாக இருந்தால் "வேண்டுமா?" என்று கேட்பார்கள். ஆறு கட்டில் மீதி 311 சீட்டு, அதில் பத்து மதிப்பு 96. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, கொடுப்பதோ 2 மடங்கு. அதில் கட்டும் நூற்றுக்கு 7 ரூபாய்க்கு மேல் போகும், எந்த வகை ஆட்டமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆன்லைனில் ஆடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025இல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டில் கசினோவும் கிடையாது. வேலூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோவாவுக்குத்தான் போகிறார்கள், அங்கே கணக்கே வேறு. 2023 அக்டோபரிலிருந்து டோக்கன் வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் அதை 40 ஆக்கிவிட்டார்கள். 10,000 ரூபாய்க்கு 4,000 வரி. ஆயிரத்துக்கு 4 ரூபாய் போகும் நல்ல மேசையில் அந்த 4,000ஐத் தோற்க வேண்டுமானால் மொத்தம் 10 லட்சத்துக்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும். ஆகவே ஸ்பானிஷா ஸ்விட்சா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதற்கு முன், நீங்கள் எடுக்கும் பேக்கேஜில் கையில் தரும் டோக்கன் வரி போக எவ்வளவு, அதைப் பணமாக மாற்ற முடியுமா, ஆடித்தான் தீர்க்க வேண்டுமா என்று போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.