கிரியான் ஆற்றுப் படகுகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே நிபோங் தெபால் பக்கத்திலிருந்து வந்தவை. லீவு நாளில் ஊடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறாலுக்குத் தூண்டில் போடுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், மின்மினி காட்ட ஆளேற்றுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் படகிலும் பின்னால் தொங்குவது சங்குட் எஞ்சின், அதாவது அவுட்போர்டு எஞ்சின்தான்.

கே: என்னிடம் 15 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. வேனில் ஜெட்டிக்கே வரும் போமன் (மெக்கானிக்) வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்கிறார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அவ்வளவுதானா வேலை?
– வாசகர், டிரான்ஸ்கிரியான் தோட்டம்

ப: அரை மணி நேரத்தில் பிளக் மாற்றலாம், கியர் எண்ணெய் மாற்றலாம், கிரீஸ் அடிக்கலாம். வாட்டர் பம்பைப் பார்த்திருக்க முடியாது. நம் ஆற்றில் எஞ்சினைக் கெடுப்பது அந்த பம்ப்தான்.

கிரியான் சேற்று ஆறு. நீர் வற்றும் நேரத்தில் எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, சேற்றை உழுதுகொண்டே போகும். அந்தக் கலங்கல் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உறிஞ்சுவது இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம். பூவிதழ் மாதிரி ரப்பர் இதழ்கள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து பம்புக்குள் உட்கார்ந்திருக்கும். சேற்றிலிருக்கும் பொடிமணல் இதழ்களின் நுனியைத் தேய்க்கும், அவை உரசும் உலோகக் கிண்ணத்தில் கோடு போடும். கழற்றிக் கையில் எடுத்தால் நல்ல இம்பெல்லரின் இதழ் நிமிரும். கெட்டதன் இதழ் படுத்தது படுத்தபடியே கிடக்கும். அடிப்பாகத்தில் வெடிப்பு தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

இதைப் பார்க்க எஞ்சின் காலைக் கழற்ற வேண்டும். முதலில் கியர் கம்பியின் இணைப்பு, பிறகு போல்ட்டுகள். உப்புத் தண்ணீர் கண்ட போல்ட் இறுகியிருக்கும். அவசரப்பட்டால் தலை முறிந்து கையோடு வரும். மாட்டும்போது நான்கு இடத்தில் கவனம் வேண்டும். இம்பெல்லரைப் பிடித்திருக்கும் சின்னச் சாவித் துண்டு தன் குழியில் உட்கார வேண்டும். கிண்ணத்தை மேலிருந்து அழுத்தும்போது தண்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும், அப்போதுதான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். தண்டின் பல்லுக்குப் பக்கவாட்டில் மட்டும் கடல் கிரீஸ் தடவுங்கள். உச்சந்தலையில் அப்பினால் கால் முழுசாக ஏறி உட்காராது. போல்ட் புரிகளுக்கும் அதே கிரீஸ் போட்டால் அடுத்த வருஷம் கழற்றுவது சுலபம். பழைய இம்பெல்லரில் ஓர் இதழ் குறைந்திருந்தால் புதியதை மாட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அந்தத் துண்டு மேலே குளிர்நீர்ப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும்.

இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். தெளிந்த தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு இரண்டு வருஷம் தாங்கலாம், இந்த ஆற்றில் வேண்டாம். குளிர்நீரைச் சூட்டுக்குத் தக்கபடி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி ஒரு பானைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல சின்ன யமஹா எஞ்சின்களில் ஏறத்தாழ 50 டிகிரியில் அது திறக்க ஆரம்பிக்க வேண்டும். உப்பு கட்டிக்கொண்டால் திறக்காது. பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே கேட்டு வாங்குங்கள். என்ஜிகே பிளக்கில் கடைசியில் ‘-10’ என்று இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீட்டர் என்று அர்த்தம்.

கே: எஞ்சின் பின்னால் பீச்சும் தண்ணீர் இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பம்ப் போய்விட்டதா?
– வாசகர், ஜாவி

ப: உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பிறகு அந்தப் பீச்சுத் துளைக்குள் தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். பாதி நேரம் துளையில் சேறுதான் அடைத்திருக்கும். அடுத்து, காலில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்து நீர் இன்னும் மெலிந்தே வந்தால் பம்ப்தான். தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து ‘சும்மா ஒரு தடவை’ ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா? சில விநாடிகள் போதும், ரப்பர் கருகிவிடும்.

கே: நடு ஆற்றில் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி நிற்கிறது. கார்புரேட்டர் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், சுங்கை பாக்காப்

ப: கார்புரேட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன் பெட்ரோல் டாங்கி மூடியைப் பாருங்கள். அதன்மேல் ஒரு காற்றுத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வராது, டாங்கி வெற்றிடமாகிப் பெட்ரோலை விடாது. நிறுத்தி வைத்தால் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதுதான்.

திருகு திறந்தே இருந்தால், எஞ்சின் தடுமாறும் நேரத்தில் பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பந்தைத் தொட்டுப் பாருங்கள். அது ஒட்டிச் சப்பையாகியிருந்தால் அடைப்பு டாங்கி பக்கம்; உள்ளே குழாய் நுனியிலுள்ள வலையைக் கழுவுங்கள். பந்து தளர்ந்து, அமுக்கினால் எஞ்சினுக்கு உயிர் வருகிறதென்றால் ஒன்று குழாய் இணைப்பில் காற்று புகுகிறது, இல்லையென்றால் பெட்ரோல் பம்பின் சவ்வு தளர்ந்திருக்கிறது. இணைப்பிலுள்ள சின்ன ரப்பர் வளையத்தை முதலில் மாற்றிப் பாருங்கள், மலிவு. பந்து கல்லு மாதிரி இருந்தும் நிற்கிறதென்றால்தான் பில்டர், கார்புரேட்டர், இக்னிஷன் காயில் என்று மேலே போக வேண்டும். பந்தின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். குழாய் மாற்றிய கையோடு தலைகீழாக மாட்டுகிறவர்கள் உண்டு.

கே: கியர் எண்ணெயைத் திறந்தால் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வருகிறது. புது எண்ணெய் ஊற்றினால் சரியாகுமா?
– வாசகர், நிபோங் தெபால்

ப: ஆகாது. தண்ணீர் உள்ளே வரும் வழி அப்படியே இருக்கிறது. ஓடிச் சூடான கியர் பெட்டி நின்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலில் மயிரிழை வழி இருந்தாலும் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் குற்றவாளி தூண்டில் நரம்பு. காற்றாடிக்கு (புரொப்பெல்லர்) பின்னால் சுற்றிக்கொண்டு சீலுக்குள் நுழைந்து அறுத்துவிடும். காற்றாடியைக் கழற்றினால் கறுத்துச் சுருண்டு கிடப்பது கண்ணுக்குத் தெரியும்.

போமனிடம் கைப் பம்பால் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவிய இடத்தில் குமிழி எங்கே வருகிறதோ அந்த சீல்தான் கெட்டது. காற்றாடித் தண்டில் சீல் இரண்டு இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். கியர் விலையோடு பார்த்தால் சீல் விலை ஒன்றுமில்லை.

எண்ணெயைக் கீழேயிருந்துதான் ஏற்ற வேண்டும். காலைச் செங்குத்தாக நிறுத்தி, அடித் துளையில் டியூபை வைத்து அமுக்கி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை விடுங்கள். முதலில் மேல் திருகை மூடுங்கள், பிறகு டியூபை எடுத்துச் சட்டென்று கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொண்டு பாதிதான் நிரம்பும். 15 குதிரைசக்திக்குக் கால் லிட்டர் அளவில் போகும். இரண்டு திருகுக்கும் புது வாஷர் போடுங்கள். இது போடாததால் மட்டுமே தண்ணீர் புகுந்த எஞ்சின்கள் நிறைய.

கே: பெட்ரோலில் மோட்டார் சைக்கிளின் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கலக்கலாமா?
– வாசகர், பாரிட் புந்தார்

ப: வேண்டாம். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. படகு எஞ்சினில் சாம்பல் படிய வைக்கும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று, அதாவது தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான தரக்குறி, போட்டிருக்க வேண்டும். கையேடு 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டாங்கிக்கு 480 மில்லி. ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்று ஊற்றினால் பிளக் கறுத்து ஈரமாகும்.

கே: காலில் திருகியிருக்கும் வெள்ளைக் கட்டி பாதி கரைந்துவிட்டது. கடையில் மூன்று வகை இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், சுங்கை ஊடாங்

ப: அது எஞ்சின் காலுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் கட்டி (ஆனோட்). துத்தநாகம் கடலுக்கு, மெக்னீசியம் நன்னீருக்கு. ஆறும் கடலும் கலக்கும் உங்கள் பக்கத்துக்கு அலுமினியம். மெக்னீசியம் உப்பில் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். துத்தநாகம் நன்னீரில் மேலே ஓடு கட்டி வேலை செய்யாமல் போகும். பாதி கரைந்தாலே மாற்ற வேண்டும். மாட்டும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரிகிறவரை சுரண்டுங்கள். கட்டிக்குப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் கட்டி கரையாது, பதிலுக்கு எஞ்சின் கால் கரையும்.

கே: மழைக்காலத்தில் மூன்று மாதம் படகை எடுக்க மாட்டேன். எஞ்சினை எப்படி வைப்பது?
– வாசகர், பைராம் தோட்டம்

ப: ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் சல்லடை மூழ்கும்படி காலை இறக்கி, நியூட்ரலில் பத்துப் பதினைந்து நிமிஷம் மெல்ல ஓட்டுங்கள். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டால் கார்புரேட்டர் காய்ந்து தானாக நிற்கும். மிச்சத்தைக் கார்புரேட்டரின் அடித் திருகு வழியே வடித்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட் துளையை அடைக்கும். பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கயிற்றை மெதுவாக நாலு தடவை இழுங்கள். நிமிர்த்தியே வையுங்கள், படுக்க வைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும். டாங்கியில் மிஞ்சிய கலவையைப் புல்வெட்டும் மெஷினுக்கு ஊற்றலாமா என்று அடுத்த கடிதம் வரும் முன்பே சொல்லிவிடுகிறோம்: கூடாது. அது காற்றில் குளிரும் எஞ்சின்.

கே: போமன் வரும் நாளில் நாங்கள் என்ன தயாராக வைக்க வேண்டும்?
– வாசகர், சிம்பாங் அம்பாட்

ப: படகு டிரெய்லரில், கெட்டித் தரையில் இருக்கட்டும். ஜெட்டியில் தொங்கவிட்டுக் கால் கழற்றினால் விழுந்த திருகு ஆற்றோடு போகும். மேலே சொன்ன டிரம்மும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். எஞ்சினைப் படகில் மாட்டும் கொக்கிப் பகுதியிலுள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்து முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். இம்பெல்லர், வாஷர், சீல் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எடுத்து வருவார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். செய்த தேதியை எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். சிலிண்டர் திறப்பது, கியர் மாற்றுவது போன்ற வேலையை ஜெட்டியில் செய்ய விடாதீர்கள், பட்டறைக்குப் போகட்டும். பழைய எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் அவர் வேனிலேயே திருப்பி அனுப்புங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணுள்ள அபாயக் கழிவு. ஜெட்டி ஓரத்தில் ஊற்றக் கூடாது.