பற்றாக்குறையும் கடனும் ஒன்றல்ல: அறிந்து பேசுவது ஏன் முக்கியம்?

கருத்துரிமை எல்லோருக்கும் சமம் என்றால், பொருளாதாரத்தையும் அரசியலையும் பற்றிய விவாதத்தில் விவரம் அறிந்தவரின் பேச்சுக்கு மட்டும் ஏன் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமை சமம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கருத்தை, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்துத்தான் எடைபோட முடியும்.

பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது என்று ஓர் அரசு அறிவித்தால், விலை எங்கே குறைந்தது என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. விலைவாசியை இறக்கிவிட்டார்கள் என்று மறுதரப்பு கொண்டாடுகிறது. உண்மையில், 100 ஆக இருந்த விலை முதல் ஆண்டில் 108 ஆகி, அடுத்த ஆண்டில் 112.32 ஆகியிருக்கிறது, ஏறும் வேகம்தான் பாதியானதே தவிர விலை இறங்கவில்லை. இந்தச் சிறு கணக்கு தெரிந்ததும் சண்டை ஓய்ந்துவிடாது என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்: இரண்டு ஆண்டுகளில் 12 சதவீதத்துக்கு மேல் ஏறிய விலைக்கு ஈடாக யாருடைய ஊதியம் உயர்ந்தது, யாருடையது அப்படியே நின்றது?

பற்றாக்குறை, கடன் என்ற சொற்களும் இப்படித்தான் குழம்புகின்றன. ஓர் ஆண்டில் அரசின் செலவு வரவை மிஞ்சும் தொகை பற்றாக்குறை. ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்பது கடன். ஆகவே பற்றாக்குறை குறைந்த ஆண்டிலும் கடன் கூடவே செய்யும். நானும் பல ஆண்டுகள் இரண்டையும் ஒன்றென்று நினைத்தே வாதிட்டிருக்கிறேன். அன்று என் குரலில் தயக்கமே இருந்ததில்லை என்பது இப்போதும் என்னை உறுத்துகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் நிபுணர்களிடம் விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதமாக இருந்தது என்றது அது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் அந்த 90ஐத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தபோது அதே விடை வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமிருந்து எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில், ஐந்து நாடுகள் சராசரியிலிருந்து விடுபட்டிருந்தது தெரிந்தது. அதையும், தரவுகளைத் தேர்ந்ததிலும் சராசரி கணக்கிட்டதிலும் கண்ட குறைகளையும் சரிசெய்தால் 2.2 சதவீதம் வருகிறது என்று, இரு பேராசிரியர்களோடு சேர்ந்து 2013இல் அவர் எழுதினார். எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும், கடன் மிகும்போது வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் பொதுவான முடிவைக் கைவிடவில்லை. அந்த விவாதம் இன்னும் நடக்கிறது. அறிந்து பேசுதல் என்று நான் சொல்வது அந்த மாணவர் செய்ததைத்தான். அவரிடம் முனைவர் பட்டமோ பதவியோ இல்லை. சரிபார்க்கும் திறனும் பொறுமையும் இருந்தன.

மக்களாட்சியில் இதன் விளைவு இன்னும் பெரிது. ஒவ்வொருவரும் சரியான முடிவுக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்காமல் வாக்களித்தால், வாக்காளர் எண்ணிக்கை கூடக் கூடப் பெரும்பான்மை முடிவு சரியாக இருக்கும் வாய்ப்பும் கூடும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோந்தோர்சே 1785இலேயே கணிதத்தால் காட்டினார். அதே கணிதத்தின் மறுபக்கம் அச்சமூட்டுவது: அந்த வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கினால், எண்ணிக்கை கூடக் கூடத் தவறுதான் உறுதிப்படும்.

அறிவு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். யாரிடம் எவ்வளவு வரி வாங்குவது நியாயம் என்பதில், எல்லா விவரமும் அறிந்த இருவரும் வேறுபடலாம். ஆயினும் தாம் விரும்பும் வழிக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்று தெரிந்தே அவர்கள் வேறுபடுவார்கள்.

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதைச் சொல்லும்போதெல்லாம், ஊதியம் உயர்ந்த இடங்களில் வேலை நேரம் வெட்டப்பட்டு, தொழிலாளியின் மாத வருமானமே குறைந்தது என்று நம்பத்தக்க தரவு வந்தால், எவ்வளவு உயர்த்துவது என்பதை மறுபடி யோசிப்பேன் என்றும் சேர்த்தே சொல்லிவருகிறேன்.